கோழிக்கூடாக வந்த பிரிட்ஜ்

எங்கள் கடைக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சி முழுக்க ‘தருமக் கடை’ என்று சொல்லிக்கொண்டிருந்த இடம் அது. இப்போது கண்ணாடிக் கதவு, தேன் நிறத்தில் விளக்கு, நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற ஏதோ வாசனை. பலகையில் ‘விண்டேஜ்’ என்று போட்டிருக்கிறது. முப்பத்தோரு வருடம் நான் ‘ஓட்டை உடைசல்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு மரியாதையான பெயர் அதுதானாம். முன்பே தெரிந்திருந்தால் என் வேலைக்கும் அப்படி ஒரு நல்ல பெயர் கேட்டு வாங்கியிருப்பேன்.

புதிதாக வந்திருக்கும் பொறுப்பாளர் நல்ல பெண். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “சார், உங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. ப்ரேம் போட்டு சுவத்துல மாட்டப்போறோம். கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்” என்றார். ரிப்பேர்க்காரனை மாட்டுவதற்கு இதுவரை யாரும் சுவர் ஒதுக்கியதில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. பாசிட்டிவும் நினைத்த அளவுக்கு வரவில்லை.

கடையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதை நடத்தியது ஓர் அறக்கட்டளை. பெயர் வேண்டாம், நல்லது செய்பவர்கள், கூச்சப்படுவார்கள். ஊருக்குள் அவர்களுக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. கல்வராயன் மலைமேல் ஒரே ஒரு நர்ஸ் இருக்கும் மருந்தகம் ஒன்று இருந்தது. இரண்டையும் நடத்தத்தான் இந்தக் கடை. ஜனங்கள் தங்களுக்கு வேண்டாத சாமானைத் தானமாகக் கொடுப்பார்கள். நான் சரிசெய்வேன். வேண்டும் என்பவர்கள் வந்து வாங்கிப் போவார்கள்.

தனக்குப் பிரியமானதைக் கொடுப்பதுதான் தானம் என்று எங்கோ எழுதியிருக்கிறதாம். எழுதியவர் எங்கள் கடைக்கு வந்து பார்த்ததில்லை. ஒற்றைக்கால் செருப்பு வரும். குதிரை நான்கும் ஓடிப்போன சதுரங்கப் பலகை வரும். தாத்தாவின் படத்தோடு சட்டம் வரும். “படத்த நீங்களே வெச்சிக்குங்க” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். ரைஸ் மில் முதலாளி ஒருவர் காலமான தன் தகப்பனாரின் பல்செட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ரசீது எங்கே என்று நின்றார். கொடுத்தோம்.

ஆனால் அந்தக் குப்பைக்கு நடுவில்தான் அவ்வப்போது மூச்சை நிறுத்தும் பொருளும் வரும். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக் குடியிருப்பிலிருந்து மாற்றலாகிப் போகும் குடும்பம் ஒன்று, சாவி முறுக்கும் இசைத்தட்டுப் பெட்டியைத் துணிமூட்டைக்கு அடியில் வைத்து அனுப்பியிருந்தது. திருக்கோவிலூர் வக்கீல் வீட்டிலிருந்து ஊசல் குண்டு இல்லாத சுவர்க்கடிகாரம் வந்தது. கொடுத்தவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் என் தொழில், என் திமிரும்.

நான் தொழில் கற்றது சின்னசேலம் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ரேடியோ கடையில். ஆறு வருடம். முதலாளி மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்தார்: ஈயம் பற்றவைப்பது, வாடிக்கையாளரிடம் நாளைக்கு வா என்பது, நாளைக்கு வந்தால் நாளன்றைக்கு வா என்பது. அந்தக் கல்வியோடு தருமக் கடைக்கு வந்து சேர்ந்தேன். முதல் இரண்டு வருடத்தில் பின்னால் சொன்ன இரண்டையும் மறக்கவைத்தார் மேட்ரனம்மா.

மேட்ரனம்மா தெற்கத்திப் பக்கம். பெரிய ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றபின் கடைக்குப் பொறுப்பாக வந்தவர். வெள்ளைச் சேலை. தோளில் குத்திய கைக்கடிகாரம், தலைகீழாகத் தொங்கும். குரலை உயர்த்தவே மாட்டார். நாங்கள் எல்லாரும் ஏதாவது ஒரு நாள் அவர் கத்தமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறோம், கத்துகிறவர்களைச் சமாளிக்கலாம். ஊரே என்னை “டேய் ஏழுமல” என்று கூப்பிட்ட காலத்தில் அவர் ஒருவர்தான் “மிஸ்டர் ஏழுமலை” என்பார். கேட்டாலே சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வேன்.

கடையின் பின்கட்டில் அவர் மூன்று மேசை போட்டிருந்தார். ஒன்றில் ‘விற்கலாம்’, ஒன்றில் ‘பார்க்கலாம்’, ஒன்றில் ‘புதைக்கலாம்’ என்று அட்டை ஒட்டியிருக்கும். வருகிற எந்தப் பொருளும் அன்று மாலைக்குள் மூன்றில் ஒன்றில் ஏறியாக வேண்டும். ‘பார்க்கலாம்’ மேசைக்கு முன்னால் வந்து நின்று கேட்பார்:

“மிஸ்டர் ஏழுமலை, இது ஓடுமா, ஓடாதா?”

“ஓடலாங்க மேட்ரனம்மா.”

“நோயாளி பிழைப்பாரா என்று கேட்டால், பிழைக்கலாம் என்று சாமியார் சொல்லலாம். நீங்கள் சொல்லக் கூடாது.”

விற்கும் பொருளில் குறை எதுவோ, அதை அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்பது அவர் சட்டம். “சத்தம் வரும், பாட்டு வராது” என்று ரேடியோவில் தொங்கும். “தினமும் கால் மணி முந்தும்” என்று கடிகாரத்தில் தொங்கும். இப்படி ஒரு வியாபாரத்தை இந்த ஜில்லா அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆச்சரியம் என்னவென்றால், சாமான் விற்றது. கால் மணி முந்தும் கடிகாரத்தை பஸ்ஸைக் கோட்டைவிடும் ஒரு வாத்தியார் ஆசையாக வாங்கிப் போனார்.

சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே நிலம் அளப்பவர்கள் மட்டம் பார்க்கும் பித்தளைக் கருவி. கறுத்துக் கிடந்தது. கண்ணாடியில் கண்ணை வைத்தேன். எதிர்க்கடைக்காரர் மீசை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. புளி, செங்கல் தூள், எலுமிச்சை எல்லாம் போட்டு மூன்று நாள் தேய்த்தேன். மாப்பிள்ளைச் செம்பு மாதிரி ஆக்கிவிட்டேன். கைவலியில் மூன்று நாள் சோறு பிசையமுடியவில்லை.

பழம்பொருள் வாங்கும் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். பெட்டியைத் திறந்தார். மூடினார்.

“யார்யா இத தேய்ச்சது?”

“நான்தாங்க” என்றேன், மார்பை நிமிர்த்தி.

“கம்பெனி பூசின பூச்சு, வயசான நெறம், அளவுக் கோடு, பேரு... எல்லாத்தையும் தோலோட உரிச்சிட்டியே. இனிமே இத பூஜைக்குத்தான் வெக்கணும்.”

அவர் போனபின் மேட்ரனம்மா ஓர் அட்டையை எடுத்து அழகான கையெழுத்தில் எழுதித் தொங்கவிட்டார்: “எங்கள் ஊழியரால் அளவுக்கு மீறிச் சுத்தம் செய்யப்பட்டது.” எட்டு மாதம் அது ஜன்னலோரம் இருந்தது. வருகிறவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். திருந்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்த வருடத்தில்தான் பிரிட்ஜ் வந்தது. மலைமேல் யாரோ காலிசெய்துவிட்டுப் போன தோட்டத்துப் பங்களாவிலிருந்து லாரியில் இறங்கியது. என் நெஞ்சு உயரம். கதவு தொங்கியது. உள்ளே வைக்கோல், எச்சம், நான்கு முட்டை. கொடுத்தவர்கள் அதைக் கோழிக்கூடாக வைத்திருந்திருக்கிறார்கள். கோழிக்கு நல்ல வசதியாகத்தான் இருந்திருக்கும். தட்டுத் தட்டாக மூன்று மாடி.

மேட்ரனம்மா ஒரு பார்வை பார்த்தார். “புதைக்கலாம்.”

நான் குனிந்து அடியில் பார்த்தேன். கரண்ட் வயரே இல்லை. அதற்குப் பதில் மண்ணெண்ணெய்த் தொட்டி, வட்டத் திரி போடும் விளக்கு, முதுகோடு மேலே ஏறும் புகைக்குழாய். இப்படி ஒன்று உண்டு என்று சின்னசேலத்தில் கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததில்லை. மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது. அடியில் நெருப்பு எரியும். அந்தச் சூடு குழாய்க்குள் இருக்கும் அமோனியாவைக் கிளப்பிச் சுற்றவிடும். மேலே தண்ணீர் உறையும். நெருப்பு வைத்தால் குளிரும் என்று சொன்னால் மூளை உள்ளவன் எவனும் நம்பமாட்டான்.

“மேட்ரனம்மா, இத மட்டும் ‘பார்க்கலாம்’ல வெச்சிக்கறேங்க” என்றேன்.

“கோழி உங்களுடையது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து மலையிலிருந்து ஒருவர் நடந்தே இறங்கிவந்து ஒரு கடிதம் கொடுத்தார். மருந்தகத்தின் நர்ஸ் மேரிபுஷ்பம் எழுதியது. ஒதுக்குப்புறமான ஒரு சிற்றூரில் குழந்தைகளுக்குத் தட்டம்மை. மற்ற ஊர்களுக்குப் பரவுமுன் ஊசி போட வேண்டும். ஊர்கள் ஆளுக்கொரு முகட்டில் இருக்கின்றன, போய்வரவே பத்து நாள் ஆகும். ஐஸ் பெட்டியில் மருந்து மூன்று நாள்தான் தாங்கும். மருந்தகத்தில் கரண்ட் கிடையாது. என்ன செய்யட்டும்?

மேட்ரனம்மா கடிதத்தை மடித்தபடி பின்கட்டுக்கு வந்தார்.

“மிஸ்டர் ஏழுமலை, ஓடுமா, ஓடாதா?”

“ஓடுங்க.”

அப்போது அது ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

“திங்கட்கிழமை முதல் ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலைப் பஸ்ஸின் மேலே ஏற்றியாக வேண்டும்.”

மறியலைப் பற்றி எனக்கும் தெரியும். செய்கிறவர்கள் என் சனம். இரண்டு கூட்டத்துக்குப் போய்க் கைதட்டியும் வந்திருக்கிறேன். தலைமுறை தலைமுறையாகக் கரும்பு வெட்டிய சனத்தில் ஒருத்தன் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி உடைந்துவிடாது என்பதுதான் கோரிக்கை. அது நாற்காலியில் இருந்தவர்களுக்குப் புரிய நாளாயிற்று. என் மனைவியின் தம்பி பச்சையப்பன் பி.ஏ. முடித்துவிட்டு ஐந்து வருடமாகக் கரும்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். சங்கத்தின் அவன் ஊர்க் கிளைக்கு அவன்தான் எல்லாம்.

வேலையைத் தொடங்கினேன். முதலில் மோந்து பார்த்தேன். அமோனியா கசிந்திருந்தால் மூக்கு எரியும், குழாய் மூட்டில் மஞ்சள் கறை இருக்கும். இரண்டும் இல்லை, ஆள் உயிரோடு இருக்கிறான். புகைக்குழாயில் கையளவு கரி. குழாய்க்கு நடுவே தொங்கும் முறுக்குத் தகட்டை உருவி எடுத்துச் சுரண்டினேன். தொங்கிய கதவுக்குக் கீல் போட்டேன். வட்டத் திரி எங்கும் கிடைக்கவில்லை. ஸ்டவ் திரிகளை வரிசையாக வைத்துப் பருத்தி நூலால் உருளையாகத் தைத்தேன். ஏற்றினேன். நாள் முழுக்க எரிந்தது. உள்ளே வைத்த தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக ஆனது.

அப்போதுதான் ரேடியோ கடையில் எப்போதோ காதில் விழுந்த ஒரு பேச்சு ஞாபகம் வந்தது. பல வருடம் ஒரே நிலையில் நின்றால் உள்ளே இருக்கும் சரக்கு பிரிந்து அடைத்துக்கொள்ளும். தலைகீழாக நிறுத்தினால் கலையும். நான்கு பேரைப் பிடித்து அதைத் தலைகுப்புற நிறுத்தினேன். குழாய்க்குள் யாரோ கொப்பளிப்பது மாதிரி கடகடவென்று சத்தம். ஒரு நாள் அப்படியே விட்டேன். மறுநாள் நிமிர்த்தி, ஒரு நாள் ஆறவிட்டேன். டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மேலே வைத்து, நாலு காலுக்கும் மட்டம் பார்த்தேன். இம்மி சாய்ந்தாலும் அது வேலை செய்யாது. பிறகு ஏற்றி, சுடர் நீலமாக வரும்வரை திரியைக் கத்தரித்தேன். வியாழக்கிழமை மதியம் கதவைத் திறந்தால், மேல் தட்டில் வெள்ளையாகப் பனி.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். “மேட்ரனம்மா, ஓடுது” என்று சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமை பஸ்ஸிலேயே போயிருக்கும்.

நான் சொல்லவில்லை. துருப்பிடித்த அந்தக் கதவோடு என் வேலை மலைக்குப் போவதா? பாலாடை நிறத்தில் எனாமல் வாங்கிவந்தேன். கதவு, பக்கம், கால், முதுகில் இருக்கும் குழாய், குழாயைச் சுற்றிய தகடு எல்லாவற்றுக்கும் மூன்று கோட். கைப்பிடிக்கு மட்டும் கறுப்பு. சனிக்கிழமை காலை கை வைத்தால் விரல் ரேகை பதிந்தது.

“ஒரு நாள் குடுங்கம்மா, ஞாயித்துக்கெழம ஏத்திடலாம்” என்றேன். என்ன வேலை பாக்கி என்று அவர் கேட்டார். “சில்லற வேல” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் பஸ் வரவில்லை. கல் விழும் என்று முதல் நாளே நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை விடிந்தபோது கச்சிராயபாளையம் சாலை முழுக்கப் புளியமரங்கள் படுத்துக் கிடந்தன. எங்கோ துப்பாக்கிச்சூடு என்று பேச்சு வந்தது, கடைகள் மூடின. மேட்ரனம்மா பின்கட்டுக்கு வந்து பிரிட்ஜைச் சுற்றிவந்து பார்த்தார்.

“பெயிண்ட் காய்ந்துவிட்டதா, மிஸ்டர் ஏழுமலை?”

நான் ஏற்கெனவே மின்னிக்கொண்டிருந்த கைப்பிடியைத் துடைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை மாட்டுவண்டியில் கிளம்பினோம். நிற்க வைத்துக் கயிறு போட்ட பிரிட்ஜ், அதைப் பிடித்துக்கொண்டு நான், வண்டிக்காரர். முன்னால் மேட்ரனம்மா, மடியில் ஊசிமருந்து இருக்கும் ஐஸ் பெட்டி, கையில் குடை. மூன்று நாள் ஐஸ். கடிதம் கொண்டுவந்த மலைக்காரர், தோள்கொடுக்க ஆள் கூட்டிக்கொண்டு அடிவாரத்தில் நிற்பதாகச் சொல்லி முன்னால் நடந்துவிட்டார்.

முதல் இரண்டு மரத்தை வயல்வழியாகச் சுற்றினோம். மூன்றாவது இடத்தில் ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் வாய்க்கால். மரத்தின்மேல் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பச்சையப்பன்.

“இன்னா மாமா, ஊரே ரோட்ல ஒக்காந்துகினு இருக்குது, நீ பிரிட்ஜ் ஏத்திகினு ஊர்வலம் போறியா? யார் வூட்டு சீரு?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. “ஆஸ்பத்திரிதுடா மச்சான். உள்ள பூரா மருந்து கெடக்குது. வழி வுடு” என்றேன்.

மேட்ரனம்மா குடையை மடக்கினார். “உள்ளே ஒன்றும் இல்லை, தம்பி. காலிப் பெட்டி. மருந்து என் மடியில் இருக்கிறது.”

இப்படி ஓர் உத்தமியை வைத்துக்கொண்டு நான் எந்த ஊருக்குப் போய்ச் சேர்வது?

பச்சையப்பன் இறங்கி வந்தான். “இன்னாத்துக்கு அப்போ காலிப் பொட்டி?”

அவர் சொன்னார். தட்டம்மை, பத்து நாள், மூன்று நாள் ஐஸ் எல்லாம் அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல். பிறகு, “சனிக்கிழமையே போயிருக்க வேண்டும். தாமதம் எங்களுடையது. உங்களுடையது அல்ல” என்றார்.

கூட்டத்தில் ஒருவர், “இன்னிக்கி பிரிட்ஜுன்னு வுட்டா நாளைக்கி பீரோவுன்னு வருவானுங்க. ஒரு வண்டியும் போவக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான ஒக்காந்துகினு இருக்கறோம்?” என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. பச்சையப்பன் என்னை ஒரு தரம் பார்த்தான், மேட்ரனம்மாவை ஒரு தரம் பார்த்தான்.

“வண்டிதான் போவக் கூடாது. மனுசன் தூக்கிகினு போனா அது வண்டியா?” என்றான். “டேய், எறங்குங்கடா. ரெண்டு மூங்கில எடுத்துகினு வாங்கடா.”

பி.ஏ. படித்தது வீண்போகவில்லை.

எட்டுப் பேர் சாமி தூக்குவது மாதிரி பிரிட்ஜைத் தூக்கி மரத்தைத் தாண்டினார்கள். “சாய்க்காத, சாய்க்காத” என்று நான் சுற்றிச்சுற்றி ஓடினேன். மாட்டை அவிழ்த்து மரத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டி, காலி வண்டியைத் தூக்கி வைத்தார்கள். காலி வண்டி என்ன கணக்கில் வரும் என்று யாரும் கேட்கவில்லை. பச்சையப்பன் தன் தோள் துண்டை உதறி மேட்ரனம்மா உட்காரும் பலகையில் விரித்துவிட்டு, என் காதோரம் வந்து சொன்னான்: “பெயிண்ட் வாசன தூக்குது மாமா. சாமானு சூப்பரா கீது.” அவன் மனதாரத்தான் சொன்னான். எனக்குத்தான் அது எங்கேயோ குத்தியது.

அடிவாரத்தில் தங்கி, வண்டி போகாத குறுக்குப் பாதையில் புதன்கிழமை ஏறினோம். மலைக்காரர்கள் பத்துப் பேர் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். ஒரு வளைவில் ஈரப்பாறையில் ஒருவர் கால் வழுக்க, பிரிட்ஜ் பக்கவாட்டில் சாய்ந்து புதரில் படுத்தது. உடைப்பு எதுவும் இல்லை. ஆனால் படுத்த பிரிட்ஜை உடனே திரி ஏற்றமுடியாது. ஒரு ராத்திரி நிற்க வேண்டும். மருந்தகம் போய்ச் சேர்ந்ததும் மட்டம் பார்த்து நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம்.

வியாழக்கிழமை விடியலில் ஏற்றினேன். மூன்றாம் நாள். ஐஸ் பெட்டியில் கட்டி பாதிக்குமேல் கரைந்து, மருந்துப் புட்டிகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. மேட்ரனம்மா பிரிட்ஜுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். மணிக்கொரு தரம் வெப்பமானியை எடுத்துப் பார்ப்பார். எட்டு டிகிரிக்குக் கீழே வர வேண்டும். இருபது. பதினெட்டு. பதினாறு. பிறகு பதினாறு. மறுபடி பதினாறு.

சுடர் நீலம். மட்டம் சரி. புகைக்குழாய் சுத்தம். மூன்றையும் மறுபடி பார்த்தேன். நர்ஸ் மேரிபுஷ்பம் பின்பக்கம் போய் முகர்ந்து பார்த்து, “அண்ணே, பின்னாடி இந்தத் தகடெல்லாம் எதுக்கு?” என்று கேட்டார்.

“சூடு வெளிய போறதுக்கு சிஸ்டர்.”

சொல்லி முடிக்குமுன்பே புரிந்துவிட்டது. சூடு வெளியே போகும் அந்தத் தகடுகளுக்கு நடுவே என் மூன்று கோட் எனாமல் வழிந்து, காய்ந்து, பாலாடை நிறத்தில் ஒரே பலகையாக அடைத்திருந்தது. பெயிண்ட் அடித்தபின் ஒரு முறையாவது ஏற்றிப் பார்த்தேனா? எதற்கு? அழகாகத்தானே இருந்தது!

கத்தி, சாவி, உடைந்த ரம்பத் துண்டு, கிடைத்த எல்லாவற்றையும் வைத்துச் சுரண்டினேன். சூடான தகடு விரலைப் பொசுக்கியது. ஊசிக்குக் காத்திருந்த தாய்மார்கள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். மேட்ரனம்மா துணி ஒன்றை நனைத்து என் பக்கத்தில் வைத்தார். மதியம் தாண்டிப் பதினான்கு. பிறகு பதினொன்று. பொழுது சாயும்போது ஏழு. அவர் எழுந்து, புட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து உள்ளே வைத்தார். ஐஸ் பெட்டியில் கடைசியாக ஒரு நெல்லிக்காய் அளவு கட்டி மிச்சம் இருந்தது.

நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். மேரிபுஷ்பம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதுதான் கேட்டேன், அந்தச் சிற்றூரில் எப்படி இருக்கிறது என்று.

“ரெண்டு கொழந்தைங்க பொழச்சிக்கிச்சு. ஒண்ணு திங்கக்கெழம போயிடுச்சு. ஆம்பளப் புள்ள, மூணு வயசு.”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று சொன்னார்: “ஊசி முன்னாடியே வந்திருந்தாலும் அந்தப் புள்ளைக்கு ஒதவியிருக்காதுண்ணே. அம்ம வந்தப்பறம் போட்டு ஒண்ணும் ஆவாது.”

அது உண்மைதான். பிறகு பல டாக்டர்களிடம் வேறு சாக்குச் சொல்லிக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். முப்பத்தோரு வருடத்தில் நான் சரிசெய்த சாமான்களைப் பற்றி யாரும் கேட்காமலேயே மணிக்கணக்கில் பேசுவேன். இதை மட்டும் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. மேட்ரனம்மாவுக்குத் தெரியும். அவர் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த மறியலால் கேட்டது அப்படியே கிடைக்கவில்லை; ஆனால் பிறகு ஏதோ கிடைத்தது. பச்சையப்பன் சில வருடம் கழித்துத் தாலுகா ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தான். நாற்காலி உடையவில்லை. ஒரு சான்றிதழுக்கு என்னையே மூன்று தரம் அலையவிட்டான். ஆக, வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டான். பிரிட்ஜ், மலைக்குக் கரண்ட் வரும்வரை ஓடியது. பிறகு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இப்போது கிடைத்தால் அந்தச் சுரண்டலையும் சேர்த்து ‘விண்டேஜ்’ என்று நல்ல விலைக்குப் போகும்.

பிரிட்ஜ் ஏழு டிகிரிக்கு இறங்கியதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, ஊசி போட்டார்கள். நான் வரிசையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று குழப்பிக்கொண்டிருந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் வந்திருந்தாள். மேரிபுஷ்பம் கண்ணால் காட்டினார். சின்ன வயசு. இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. ஊசி குத்தியதும் குழந்தை வீறிட்டது. அவள் அழவில்லை. போகாமல் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“இதுக்குள்ள குளுருமாமே?”

“ஆமாம்மா.”

“அடியில நெருப்பு எரியுது?”

“ஆமா.”

அவள் நம்பவில்லை. நான் கதவைத் திறந்து மேல் தட்டிலிருந்து ஒரு கட்டி ஐஸ் எடுத்து அவள் கையில் வைத்தேன். திடுக்கிட்டாள், ஆனால் கீழே போடவில்லை. உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தபடி நின்றாள். என்ன செய்வது என்று அவள் முடிவெடுப்பதற்குள் அது கரைந்து மணிக்கட்டு வழியாக ஓடிவிட்டது. வெறும் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த ஈரக் கையைக் குழந்தையின் ஊசி போட்ட இடத்தில் வைத்து அழுத்தினாள். குழந்தை விக்கி விக்கி அடங்கியது.

“இன்னொண்ணு குடு” என்றாள்.

தட்டில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன்.